புதுப்பிப்பு: அம்மாவுக்கு மூளையில் இருந்தது புற்றுநோய்ப் பரவல் இல்லை, பிரெஸ் (PRES) என்ற மூளை வீக்கம்

சினைப்பைப் புற்றுநோய்க்கு பெவாசிசுமாப் ஏற்றிக்கொண்டிருந்த அம்மாவுக்கு வலிப்பு வந்து பார்வை மங்கியது, சிடி ஸ்கேனில் "மூளைக்குப் பரவியிருக்கலாம்" என்கிறார்கள் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"வலிப்பு வந்தப்போ பிபி எவ்வளவு? கான்ட்ராஸ்ட் (நரம்பில் ஏற்றும் சாய மருந்து), டிஃப்யூஷன் (திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் படம்) ரெண்டோடும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. பிபி 200/110 இருந்திருக்கிறது. எம்ஆர்ஐயில் பின்மண்டையின் இரு பக்கமும் ஒரே மாதிரி வீக்கம். கட்டி எதுவும் இல்லை. அதிக பிபியாலோ மருந்தாலோ ரத்தக்குழாய்ச் சுவர் பாதித்து நீர் கசிவதுதான் பிரெஸ். பெவாசிசுமாபை நிறுத்தி, பிபியைப் படிப்படியாக இறக்கி, வலிப்பு மருந்து கொடுத்தார்கள். முதலில் திரும்பியது பார்வைதான். சுவர்க் காலண்டரில் தேதியைத் தானே படித்துச் சொன்னார் அம்மா. சில வாரம் கழித்து எடுத்த எம்ஆர்ஐ சுத்தம்.

எதிர்பாராதது: மெக்னீசியமும் குறைவாக இருந்தது, அதையும் ஏற்றினார்கள். இன்னொன்று, கட்டியில் போலவே பிரெஸ்ஸிலும் சிலருக்குக் கான்ட்ராஸ்ட் சாயம் பிடித்து ஸ்கேனில் பளிச்சென்று தெரியுமாம். அதை மட்டும் பார்த்துப் பரவல் என்று சொன்னால், மறு ஸ்கேன் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.