முதல் மடக்கில் முகம் சுளிக்க வைத்த பியர் எது?

போன மாதம் ஜெர்மனியில் பாம்பெர்க் போயிருந்தேன். நியூரம்பெர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஷ்லெங்கெர்லா என்ற பழைய மதுக்கூடத்தில் மரப் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்துத் தருகிற ரௌக்பியர், அதாவது புகை பியர், அங்கே பிரசித்தம். கடுங்காப்பி நிறம். மூக்கருகே கொண்டுபோனதுமே திகைத்துவிட்டேன். மழைநாளில் ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைக்கும்போது அம்மாச்சி வீட்டு அடுப்படியில் வருமே, அந்த மணம்! ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தேன்.

அங்கே மேசையைப் பகிர்ந்துதான் உட்கார வேண்டும். எதிரே இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே, மூன்றாவது கிளாஸ் வரை எதுவும் சொல்லாதே என்றார். இரண்டாவதிலேயே அவர் கட்சிக்கு மாறிவிட்டேன். புகை பின்னால் போய், மால்டின் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) இனிப்பு மேலே வந்துவிட்டது.

இதில் விசேஷம் என்னவென்றால், புகை யாரோ புதிதாகக் கண்டுபிடித்துச் சேர்த்த சுவை இல்லை. முளைகட்டிய பார்லியை ஒரு காலத்தில் நெருப்பில்தான் காயவைத்தார்கள், அதனால் பல ஊர் பியரிலும் புகை இருந்தது. சூடான காற்றில் உலர்த்தும் சூளைகள் வந்ததும் மற்றவர்கள் மாறிவிட்டார்கள். பாம்பெர்க்கில் ஷ்லெங்கெர்லாவும் ஷ்பெட்ஸியால் என்ற இன்னொரு மதுவடிப்பாலையும் மட்டும் பீச் மர விறகை விடவில்லை. ஷ்லெங்கெர்லாவின் ஹெல்லெஸ் என்ற வெளிர்நிற பியரில் புகை மால்டே கிடையாது. ஆனாலும் லேசாகப் புகை வாசம் அடிக்கும், அதே பாத்திரங்களும் அதே ஈஸ்ட்டும் என்பதால். மீன் குழம்பு வைத்த சட்டியில் ரசம் வைத்த மாதிரி.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? எழுதுங்கள்.

* * *

அண்ணா, நான் கொலோனில் படிக்கிறேன். இந்த ஊர் பியரான கோல்ஷில் முகம் சுளிக்க ஒன்றுமே இல்லை, தண்ணீர் மாதிரி இறங்கும். ஆபத்தும் அதுதான்.

0.2 லிட்டர்தான் கிளாஸ், ஒல்லியாக, நேராக இருக்கும். பரிமாறுகிறவரை கோபெஸ் என்பார்கள். வட்டத் தட்டில் கிளாஸ்களைச் செருகிக்கொண்டு சுற்றிவருவார். நம் கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, கீழே இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார். வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை நான். முடிக்க முடிக்க வந்துகொண்டே இருந்தது. ஆறாவது கோட்டில் கூட வந்த தோழி பாவம் பார்த்துச் சொன்னாள்: போதுமென்றால் அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடிவிட வேண்டுமாம். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

கோல்ஷ் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. கொலோன் வட்டாரத்தில் காய்ச்சினால்தான் அந்தப் பெயர் என்று மதுவடிப்பாலைகள் சேர்ந்து 1986-ல் ஒப்பந்தமே போட்டிருக்கின்றன.

* * *

என் ஓட்டு பிரஸல்ஸுக்கு. கான்டியோன், 1900-ல் தொடங்கிய மதுவடிப்பாலை. உள்ளேயே மியூசியமும் உண்டு. இங்கே காய்ச்சும் லாம்பிக் என்ற புளிப்பு பியருக்கு யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காய்ச்சிய மால்ட் சாற்றை மேல்மாடியில் அகலமான செம்புத் தொட்டியில் ராத்திரி முழுக்க ஆறவிடுவார்கள். காற்றில் வருகிற நுண்ணுயிர்களும் மரப் பீப்பாயில் குடியிருக்கிறவையும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பானையில் இறங்கும் பதநீர் சுண்ணாம்பு தடவாவிட்டால் தானே கள்ளாகிறதே, அந்தக் கணக்குத்தான். ஆனால் கள்ளுக்குச் சில மணி நேரம் போதும், இதற்கு வருஷக்கணக்கு. வெயில் காலத்தில் வேண்டாத கிருமி சேர்ந்துவிடும் என்பதால் குளிர் மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுகிறார்கள். பீப்பாய்களுக்கு மேலே ஒட்டடையை அடிக்க மாட்டார்கள், பூச்சிகளைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும் என்று.

ஒன்று, இரண்டு, மூன்று வருஷச் சரக்கைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அது கோஸ் (முட்டைக்கோஸ் இல்லை). முதல் மடக்கில் காடி குடித்த மாதிரிப் பல் கூசியது, கண்ணை மூடிவிட்டேன். அப்புறம் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு வாசம் வந்தது. சரி, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு பாட்டில் வாங்கிவந்து, புத்தியில்லாமல் அலமாரியில் படுக்கப்போட்டேன். குளிரவைக்காமல் திறந்ததில் பாதி என் சட்டைக்கு, மீதி கூரைக்கு. கறை இன்னும் இருக்கிறது, வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

* * *

பழைய வகைகளைப் பேசும்போது சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் மதுவடிப்பாலையைச் சொல்லாமல் விட்டால் எப்படி? மூடப்போகும் நிலையில் இருந்ததை 1965-ல் ஃபிரிட்ஸ் மேட்டேக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அமெரிக்கக் கிராஃப்ட் பியர் (சிறு ஆலைகள் காய்ச்சும் பியர்) கதையை அங்கிருந்துதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். வழக்கமாகக் குளிரில் வேலை செய்யும் லாகர் ஈஸ்ட்டைக் குளிரில்லாமல் புளிக்கவைக்கும் ஸ்டீம் பியர் அவர்களுடையது. 2023-ல் மூடிவிட்டார்கள். நான் கடைசியாக வாங்கிய ஆறு பாட்டிலில் ஒன்று இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. திறக்க மனசு வரவில்லை.

* * *

ஃப்ரிட்ஜ்காரரே, திறந்துவிடுங்கள், பியர் ஊறுகாய் இல்லை. பிரஸல்ஸ்காரரே, நவம்பரில் நான்கு நாள் லீவு இருக்கிறது. அந்தச் செம்புத் தொட்டியில் சாறு ஆறுவதை நேரில் பார்க்க விடுவார்களா? விடுவார்கள் என்றால் இன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுகிறேன்.