மலை ஸ்னோமொபைலின் முன்பக்கம்: பாகம் வாங்கும் முன் இணைப்புகளின் ஆட்டத்தைப் பாருங்கள்

சேலத்திலிருந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து ரெவெல்ஸ்டோக்கில் குடியேறி, முதல் குளிர்காலத்திலேயே பழைய மலை ஸ்னோமொபைல் (மலைப் பனியில் ஓடும் வண்டி) ஒன்றை வாங்கியிருக்கும் தம்பிக்கு,

ஹேண்டில்பார் கனமாக இருக்கிறது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, முன்பக்கத்துக்கு என்னென்ன புதிதாக வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஊரில் சில குளிர்காலங்கள் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து ஜீப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டிப் பழகிய கைக்கு, முன்பக்கம் விறைப்பாக இருந்தால்தான் நம்பிக்கை வரும். ஆழமான பனியில் அந்தப் பழக்கம் உதவாது. சமமான தடத்தில் ஓடும் வண்டிகளில், முன்னால் பனிமேல் சறுக்கும் இரண்டு ஸ்கீ பலகைகளுக்கும் இடையே சுமார் 42 அங்குலம் இருக்கும்; மலை வண்டியில் அது 36 அங்குலம் அளவுக்குக் குறுகியிருப்பதற்குக் காரணம், ஓட்டுபவர் எழுந்து நின்று, ஹேண்டில்பாரைத் திரும்ப வேண்டிய திசைக்கு எதிராக ஒடித்து, வண்டியையே ஒரு பக்கமாகச் சாய்த்துத் திருப்புகிறார் என்பதுதான். ஸ்பிரிங்கை விறைப்பாக்கினாலோ ஸ்கீகளை அகட்டி வைத்தாலோ அந்தச் சாய்ப்பு பெரும்பாடாகிவிடும். ஆகவே முன்பக்கம் விறைப்பாக இருப்பதைவிட, ஆட்டமில்லாமல், அதாவது இணைப்புகள் தளர்ந்து ஆடாமல், இருப்பதுதான் முக்கியம்.

முன் பம்பரைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, ஸ்கீகள் அந்தரத்தில் தொங்கும்படி செய்யுங்கள். ஒருவர் ஹேண்டில்பாரை அசையாமல் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஸ்கீயின் நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். பழைய ஜீப்பில் சக்கரத்தைப் பிடித்துக் கிங் பின் ஆட்டம் பார்ப்போமே, அதே வேலைதான். டை ராடு (ஸ்டீயரிங்கின் திருப்பத்தை ஸ்கீக்குக் கடத்தும் கம்பி) முனைகள், பால் ஜாயிண்ட் (குமிழ் மூட்டு), ஸ்பிண்டில் (ஸ்கீயைத் தாங்கித் திருப்பும் தண்டு) புஷ், ஸ்டீயரிங் தண்டின் புஷ் ஆகியவற்றின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தால், எது ‘டொக்’ என்கிறதோ அதுதான் நீங்கள் வாங்க வேண்டிய பாகம். நாம் ஸ்பிலிட் பின் என்பதை அங்கே காட்டர் பின் என்றும், ஸ்பேனரை ரெஞ்ச் என்றும் கேட்க வேண்டும். கழற்றிய ஸ்பிலிட் பின்னையும் நைலான் பூட்டு நட்டையும் மீண்டும் மாட்டாதீர்கள்; சில டாலர் மிச்சம் பிடிக்கும் இடம் அது இல்லை. டை ராடின் ஒரு முனையில் பெரும்பாலும் இடது மரை (வழக்கத்துக்கு எதிர்த் திசையில் சுழற்ற வேண்டியது) இருக்கும் என்பதால், அசையாத நட்டை முறுக்கி உடைப்பதற்கு முன் மரையின் திசையைப் பாருங்கள்.

ஆட்டம் போன பிறகுதான் அலைன்மெண்ட், அதாவது ஸ்கீகளின் திசையைச் சரிசெய்வது. ஹேண்டில்பாரை நேராக நிறுத்தி, இரண்டு ஸ்கீ நுனிகளையும் இழுவை ரப்பரால் இணைத்துக்கொள்ளுங்கள். ஸ்கீ போல்ட்டிலிருந்து முன்னும் பின்னும் 10 அங்குலத்தில் அடையாளமிட்டு, அடியிலுள்ள கார்பைடு கம்பிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளக்க வேண்டும். பல வண்டிகளில் முன் அளவு பின் அளவைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். உங்கள் வண்டிக்குரிய அளவைச் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். நீங்கள் சொல்லும் இழுப்பு இங்கேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நின்று ஓட்டுவதற்காக ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் மாட்டுவது நல்ல மாற்றம்தான். ஆனால் என் வண்டியில் அதை மாட்டிய அன்று, வீட்டு முற்றத்தில் இடப்பக்கம் முழுவதுமாக ஒடித்தவுடன் என்ஜின் தானாகவே அலறத் தொடங்கியது. உயரம் கூடியதால் நீளம் போதாத திராட்டில் (என்ஜினை முடுக்கும்) கேபிள் விறைத்து, ஒடிக்கும்போது தானே இழுபட்டிருக்கிறது. மலைச்சரிவில் நடந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. என்ஜினை அணைத்து வைத்து, இரு பக்கமும் முழுவதுமாக ஒடித்து, திராட்டில் தானாகத் திரும்புகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். இழுபட்டால் நீளமானவற்றை மாற்றிய பிறகே ஓட்டுங்கள்.

ஷாக் அப்சார்பரைக் கடைசியாகத் தொடுங்கள். காற்று ஷாக்காக இருந்தால், 20 டிகிரி வெப்பமுள்ள காரேஜில் ஏற்றிய அழுத்தத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மைனஸ் 20 டிகிரியில் குறைந்துவிடும் என்பதால், வண்டியை வெளியே குளிரவிட்டு, ஷாக்குக்கான கைப்பம்பால் அளந்து ஏற்றுங்கள். நைட்ரஜன் அடைத்த ஷாக்கை வீட்டில் திறக்கவே வேண்டாம். ஹேண்டில்பாரின் கனத்துக்கும் முன்பக்கம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை: பின் சஸ்பென்ஷனில் அதன் விரிவைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் பட்டையைப் பழைய உரிமையாளர் இழுத்துக் கட்டியிருந்தால், பாரம் ஸ்கீகளின் மேல் இறங்கியிருக்கும். அதை ஒரு துளை தளர்த்திப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

மூடிய காரேஜில் சோதனைக்குக்கூட என்ஜினை இயக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, மேலே வீட்டுக்காரர் குடியிருந்தால் அவருக்கும் அது ஆபத்து. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பொது நிலத்தில் ஓட்டுவதற்கு வண்டிப் பதிவு கட்டாயம் என்பதால், அதை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். முதல் ஓட்டத்தை ஊரருகே சமதளத்தில் முடித்துக்கொண்டு, திரும்பி வந்து எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) மீண்டும் சரிபாருங்கள்.

முன், பின் இரண்டு அளவுகளையும் ஸ்பிண்டிலின் படத்தையும் இங்கே போடுங்கள். உங்களுக்கு மாலை என்றால் ஏற்காட்டில் மறுநாள் காலை. ஜீப் ஒழுங்காகக் கிளம்பிவிட்டால் உடனே பதில் எழுதுவேன்.