3,499 டாலர் ஹெட்செட் எல்லோர் வீட்டுக்கும் வருமா?

தென்றல்77:
முகத்தில் மாட்டிக்கொள்ளும் ஆப்பிளின் விஷன் ப்ரோ ஹெட்செட் 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விலை 3,499 டாலர். 2025 அக்டோபரில் எம்5 சிப்போடு புதுசு வந்தது; விலை மட்டும் அப்படியே இருக்கிறது. நிஜ உலகத்தோடு கணினிப் படங்களையும் கலந்து காட்டும் இந்த மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட் சாதாரண மக்கள் வாங்கும் பொருளாக ஆகவே ஆகாது என்பது என் கருத்து. விலைகூட இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் எடை. பழைய மாடலே 600 கிராமுக்கு மேல். புதியது பட்டையோடு சேர்த்து 750 முதல் 800 வரை போகிறது. இதில் பேட்டரி எடை சேரவில்லை, அது தனியாக வயரில் தொங்குகிறது. இவ்வளவையும் தலையில் மாட்டிக்கொண்டு தினமும் யார் உட்காருவார்கள்?

விண்மீன்:
ஆரம்பத்தில் வந்ததை வைத்தே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மோட்டோரோலாவின் டைனாடேக் கைப்பேசி 1980களில் விற்பனைக்கு வந்தபோது 3,995 டாலர். பத்து மணி நேரம் சார்ஜ் போட்டால் அரை மணி நேரம் பேசலாம். எடையும் நீங்கள் சொல்லும் அதே 800 கிராம் அளவுதான். அது எங்கே வந்து நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஹெட்செட்டிலும் விலையும் எடையும் இறங்கத் தொடங்கிவிட்டன. விஷன் ப்ரோ வந்து இரண்டு வருடம் முடிவதற்குள் சாம்சங் கேலக்ஸி எக்ஸ்ஆர் 1,799 டாலருக்கு வந்துவிட்டது, 545 கிராமில்.

தென்றல்77:
டைனாடேக்கைக் கையில் பிடித்துப் பேசிவிட்டுக் கீழே வைத்துவிடலாம். இதை நெற்றியும் கன்னமும் தாங்க வேண்டும். அதைவிட முக்கியம், நடந்துகொண்டே போன் பேச வேண்டும் என்ற தேவை மக்களுக்கு ஏற்கெனவே இருந்தது. ஹெட்செட் எந்தத் தேவையைத் தீர்க்கிறது?

விலைதான் தடை என்றால் மலிவானவை எப்போதோ வந்துவிட்டன. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் குவெஸ்ட் 2 ஹெட்செட், 2020-இல் 299 டாலர். குவெஸ்ட் 3எஸ், 2024-இல் அதே 299. நன்றாகவே விற்றன, பெரும்பாலும் கேம் ஆட. அலுவலக வேலைக்கென்று 2022 அக்டோபரில் 1,499 டாலருக்கு விட்ட குவெஸ்ட் ப்ரோவை அடுத்த மார்ச்சிலேயே 999-க்கு இறக்கினார்கள். 2024 ஒரே வருடத்தில் இவற்றைச் செய்யும் மெட்டாவின் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவுக்கு நட்டம் 1,700 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு பணம் கொட்டியும் விளையாட்டைத் தாண்டி மக்கள் வரவில்லையே.

முற்றத்துவேம்பு:
தேவை இல்லை என்று சொல்பவர்கள் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நான் விஷன் ப்ரோ பயன்படுத்துகிறேன். ஒரு பட்டனைக் கண்ணால் பார்த்தாலே அது லேசாக ஒளிர்கிறது; கையை மடியில் வைத்தபடியே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தால் போதும், அழுத்தியாகிவிட்டது. மவுசும் வேண்டாம், தொடவும் வேண்டாம். விமானத்தில் நடு இருக்கையில் உட்கார்ந்து சுவர் அளவுத் திரையில் என் மேக் கணினி வேலையைச் செய்கிறேன். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. எனக்கு இந்தத் தேவை உண்மையானது.

தென்றல்77:
உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவே இல்லை. ஆனால் நீங்கள் சொன்னது அத்தனையும் தனி ஆளுக்கான பயன். வீட்டில் நாலு பேர் சேர்ந்து படம் பார்க்க நாலு ஹெட்செட் வேண்டும். குழந்தை ஓடி வந்து முகத்தைப் பார்த்தால் அங்கே ஒரு கண்ணாடிப் பலகை இருக்கிறது. அந்தப் பலகைமேலே கண்களின் படத்தைக் காட்ட ஆப்பிள் தனியாக ஒரு திரையே வைத்தது. அந்தச் சங்கடம் அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்புறம், விற்பனை தொடங்கிய அன்று நெட்ஃபிளிக்ஸும் யூடியூபும் இதற்கென்று ஆப் தரவில்லை. ஆள் குறைவு என்றால் ஆப் வராது, ஆப் இல்லாவிட்டால் ஆளும் வரமாட்டார்கள்.

விண்மீன்:
சரி, அந்தச் சுழலை உடைக்க ஒரு வழி இருக்கிறது, மூக்குக்கண்ணாடி போல அணியும் ஸ்மார்ட் கண்ணாடி. மெட்டாவின் ரே-பான் மெட்டா 50 கிராம் அளவுதான், 299 டாலரில் தொடங்கியது. 2025 செப்டம்பரில் வலது கண்ணாடியில் சின்னத் திரையோடு 799 டாலருக்கு ஒன்று அறிவித்தார்கள். 2024-இல் மெட்டா காட்டிய ஓரியன் என்ற சோதனைக் கண்ணாடி 100 கிராமுக்கும் குறைவு. கண், விரல் வழி இயக்கத்தை இன்றைய கனமான ஹெட்செட்டுகள்தான் பழக்கிக் கொடுக்கின்றன. அதில் வாங்கிய அனுபவம்தான் கண்ணாடிக்குப் போகும்.

தென்றல்77:
ஓரியன் கடைக்கு வரவில்லை. அதற்கும் கணினி வேலையைச் செய்ய ஒரு தனிப் பெட்டி கூடவே இருக்க வேண்டும். இன்னொன்று, கண்ணாடி வேறு வகைச் சாதனம். ஹெட்செட் வெளி உலகத்தை மறைத்துவிட்டு, கேமரா பிடித்ததைக் கண்ணுக்கு முன்னால் திரையில் ஓட்டுகிறது. தலை திரும்பும்போது படம் பின்தங்கினால் குமட்டும் என்பதால், 12 மில்லிசெகண்டில் படத்தைக் கொடுக்க ஆப்பிள் ஆர்1 என்று தனிச் சிப்பே வைத்திருக்கிறது. அத்தனை கேமரா, சிப், விசிறி எல்லாம் சேர்ந்துதான் அந்த எடை. கண்ணாடியில் வெளி உலகம் நேராகத் தெரிகிறது, இந்தச் சுமையே தேவையில்லை. கண்ணாடி ஜெயிக்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான். அதை ஹெட்செட்டின் வெற்றியாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

முற்றத்துவேம்பு:
அந்த 50 கிராம் கண்ணாடியில் என் மேக் திரையைச் சுவர் அளவுக்கு விரிக்க முடியுமா, சொல்லுங்கள். முடியும்வரை இதை நான் கழற்றப் போவதில்லை.