கணினிவழி மருந்து ஆர்டர்: ஒரே மென்பொருள், வெவ்வேறு விளைவுகள் ஏன்?

கேள்வி (ஆய்வு மாணவி):
மருத்துவமனை நிர்வாகவியல் ஆய்வேட்டுக்காகப் படித்துவருகிறேன். பாஸ்டனின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில், மருத்துவர்கள் மருந்துகளைக் கணினியில் பதியத் தொடங்கியபின் கடுமையான மருந்துப் பிழைகள் 55% குறைந்ததாக 1998இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆனால் 2002இல் இம்முறைக்கு மாறிய பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில், பிற இடங்களிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் 2.80 விழுக்காட்டிலிருந்து 6.57 விழுக்காடாக உயர்ந்தது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. இவற்றில் எதை ஏற்பது?

மறுமொழி (தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்):
இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒன்று பிழையை அளந்தது, மற்றொன்று இறப்பை அளந்தது. பிட்ஸ்பர்க் ஆய்வில் எண்களைவிட வேலைமுறை பற்றிய பகுதியைக் கவனியுங்கள். முன்பு குழந்தை வழியில் வந்துகொண்டிருக்கும்போதே மருந்துகளை எழுதி ஆயத்தமாக வைத்துவிடுவார்கள். புதிய முறையில், குழந்தை வந்துசேர்ந்து பதிவு முடியும்வரை ஓர் ஆர்டரைக்கூட உள்ளிட முடியவில்லை. சில நொடிகளில் கையால் எழுதியதைப் பதிய ஓரிரு நிமிடங்கள் ஆயின. அதே காலத்தில், பிரிவிலேயே வைத்திருந்த மருந்துகளும் மைய மருந்தகத்துக்கு மாற்றப்பட்டன. இதையெல்லாம் மருத்துவமனை முழுவதிலும் ஆறே நாளில் செய்து முடித்தார்கள். உயிருக்குப் போராடும் குழந்தையின் பக்கத்தில் இருக்க வேண்டியவர் திரை முன் அமர்ந்திருப்பது என்ன பொருள் தரும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

மறுமொழி (மருத்துவத் தகவல் அமைப்புப் பொறியாளர்):
செவிலியர் அம்மா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்த ஆய்வு முந்தைய 13 மாதங்களைப் பிந்தைய 5 மாதங்களோடு மட்டுமே ஒப்பிட்டது என்பதால், உயர்வு முழுவதையும் மென்பொருளின் தலையில் கட்டத் தயங்குகிறேன். அதே நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்திய சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையில் இறப்பு கூடவில்லை. அவர்கள் அடிக்கடி தேவைப்படும் மருந்துகளைத் தொகுப்புகளாக முன்கூட்டியே அமைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தேடித் தட்டச்சு செய்யும் வேலை பெரிதும் குறைந்தது. பின்னர் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த லூசில் பாக்கார்ட் குழந்தைகள் மருத்துவமனையில் இறப்பு விகிதம் சுமார் 20% குறைந்ததாக 2010இல் ஓர் ஆய்வு வெளியானது.

மாணவி:
நன்றி ஐயா. அப்படியானால், எத்தனை மருத்துவமனைகள் கணினிக்கு மாறின என்ற எண்ணிக்கையைச் செயல்திறனின் அளவுகோலாகக் கொள்ள முடியாது அல்லவா?

மறுமொழி (பொறியாளர்):
முடியாது. 2009இல் அமெரிக்க அரசு, கணினிக்கு மாறும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை தரும் சட்டம் கொண்டுவந்தது. 2008இல் அடிப்படை மின்னணுப் பதிவேடு (நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைக் கணினியில் வைக்கும் முறை) வைத்திருந்த மருத்துவமனைகள் 9.4%, 2015இல் அது 83.8% ஆனது. பணம் கொடுத்தால் வாங்குவார்கள் என்பதற்கு மட்டுமே அது சான்று. நீங்கள் அளக்க வேண்டியது, மருத்துவர் ஆர்டர் கொடுத்ததிலிருந்து முதல் வேளை மருந்து நோயாளியின் உடலில் சேரும்வரை ஆகும் நேரத்தை. அதைக் கணினி வருவதற்கு முன்பே அளக்கத் தொடங்குங்கள். வந்தபின் பழைய கணக்கை மீட்டெடுப்பது ஏறக்குறைய இயலாத காரியம்.

மறுமொழி (செவிலியர்):
அந்த நேரத்தை இரவுப் பணியில் தனியாக அளந்து பாருங்கள், அம்மா. பகல் சராசரியோடு சேர்த்துவிட்டால், ஆள் குறைவான நேரத்தில் ஏற்படும் தாமதம் கணக்கில் தெரியாது.