டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தரலாமா? ஆழ்கடல் போகிறவன் என்ன செய்வான்?

தூத்தூர் கடலோடி:
மார்த்தாண்டம் பக்கம் ஒரு மெடிக்கலில் அசித்ரோ (அசித்ரோமைசின்) 500 இரண்டு அட்டை, சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்ஸசின்) இரண்டு அட்டை கேட்டேன். போட்டில் மருந்துப் பெட்டிக்கு. சீட்டு இல்லை என்று தரவில்லை. நாங்கள் ஆழ்கடல் தங்கல் தொழில்காரர்கள். கரையை விட்டால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். நடுக்கடலில் ஒருவனுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தால் எந்த டாக்டரைத் தேடிப் போக? சட்டம் போட்டவர் எங்களோடு ஒரு தடவை வந்து பார்க்கட்டும்.

மார்த்தாண்டம் பார்மசிஸ்ட்:
அந்தக் கடை என்னுடையது இல்லை. ஆனால் நானும் தந்திருக்க மாட்டேன். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பது அழகுக்கா? சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்குத்தான். 2014 முதல் எச்1 என்று தனிப் பட்டியலே இருக்கிறது. செஃபிக்சிம், லெவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக் எல்லாம் அதில் வரும். நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் 2024-ல் சீட்டில்லாமல் விற்கும் கடைகளைத் தேடித்தேடிச் சோதனை போட்டார்கள். நாளை இங்கே வந்தால் லைசென்ஸ் போவது உங்களுக்கா எனக்கா?

குலசேகரம் தோட்டக்காரர்:
சட்டம் சரி ஓய், நடப்பைப் பேசுங்கள். தொண்டை வலி என்று டாக்டரிடம் போனால் அவர் எழுதுவதும் அதே மூன்று அசித்ரோ தானே? பீஸ், ஆட்டோக் கூலி, ரப்பர் பால்வெட்டு முடங்கிய ஒரு நாள். நேரே கடையில் வாங்கினால் மூன்றும் மிச்சம். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான், எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

நாஞ்சில் டாக்டரம்மா:
டாக்டரும் அதையே எழுதுகிறார் என்பது உண்மைதான் அண்ணே. அது எங்கள் தரப்பின் தப்பு, முட்டுக்கொடுக்க மாட்டேன். தொண்டை வலியில் பெரும்பங்கு வைரஸ். எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. மூன்று நாளில் தானாக இறங்குகிற காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை போட்டால் பேர் மாத்திரைக்குப் போகும். டெங்கு, சிக்குன்குனியாவிலும் இதே கதை.

கடலோடி கேட்ட இரண்டையும் பார்ப்போம். அசித்ரோ, பாக்டீரியா புரதம் செய்யும் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்துகிறது. சிலருக்கு இதயத்துடிப்பின் தாளத்தைக் குலைக்கும். ஏற்கெனவே இதய மருந்து சாப்பிடுகிறவருக்கு யோசித்துத்தான் கொடுப்போம். சிப்ரோ வேறு ரகம். பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை முறுக்கவும் பிரிக்கவும் உதவுகிற என்சைமை முடக்குகிறது. அதன் பக்கவிளைவு தசைநாரில் தெரியும், குறிப்பாகக் குதிகாலுக்கு மேலே. நார் அறுந்தே போகலாம். அறுபது தாண்டியவர், ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால் ஆபத்து கூடுதல். வலை இழுக்கிறவனுக்குத் தசைநார் போனால் அப்புறம் தொழில் எது? சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கியும் போகும். உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளை மூன்று வரிசையாகப் பிரித்திருக்கிறது. இந்த இரண்டும் இரண்டாவதான கண்காணிப்பு வரிசையில். முதல் வரிசையில் இருப்பவை அமாக்சிசிலின், டாக்ஸிசைக்ளின் போன்றவை.

தூத்தூர் கடலோடி:
சரி, சிப்ரோ வேண்டாம். அமாக்சிசிலின் தாருங்கள். எல்லாம் ஒரே கிருமிக்கொல்லிதானே?

நாஞ்சில் டாக்டரம்மா:
ஒரே இல்லை, அதுதான் விஷயமே. அமாக்சிசிலின் வரும் பென்சிலின் குடும்பமும், செஃபிக்சிம் போன்ற செஃபலோஸ்போரின்களும் பாக்டீரியாவின் சுவரைக் கட்ட விடாது. நம் செல்லுக்கு அந்தச் சுவரே கிடையாது. அதனால் நமக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு, ஒவ்வாமை உள்ளவர் தவிர. சில பாக்டீரியா இந்த மருந்தையே உடைக்கும் என்சைமைச் சுரக்கும். அதைத் தடுக்கத்தான் கிளாவுலானிக் அமிலம் சேர்த்த மாத்திரை.

இப்போது தோட்டக்காரர் அண்ணனுக்கு. புதரில் வேலை செய்கிறவருக்கு விடாத காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கில் பாருங்கள். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு, வலியே இருக்காது. அது ஸ்க்ரப் டைபஸ் என்ற பாக்டீரியாக் காய்ச்சலாக இருக்கலாம். அந்தக் கிருமி நம் செல்லுக்குள் ஒளிந்து வாழ்கிறது. அமாக்சிசிலின், செஃபிக்சிம் எத்தனை போட்டாலும் பலிக்காது. டாக்ஸிசைக்ளின் வேண்டும். பொருக்கைத் தேடாமல் கடையில் மாத்திரை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, மூச்சு வாங்கும்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

குலசேகரம் தோட்டக்காரர்:
அப்போ டாக்ஸியையே வாங்கி வைத்துக்கொள்கிறோம். எலிக்காய்ச்சலுக்கும் அதுதானே?

மார்த்தாண்டம் பார்மசிஸ்ட்:
இதற்குத்தான் நான் பயந்தேன். டாக்டர் மருந்தின் பேரைச் சொன்னதுமே ஆளுக்கு ஒரு அட்டை! டாக்ஸியை எப்படி விழுங்க வேண்டும் என்று தெரியுமா? பெரிய தம்ளர் தண்ணீரோடு, போட்டதும் படுக்கக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். பால், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்தோடு சேர்க்கக் கூடாது. வெயில் பட்டால் தோல் கருகும். போட் மேல்தட்டில் நிழல் எங்கே இருக்கிறது?

குலசேகரம் தோட்டக்காரர்:
நான் படித்தது ஒன்று கேட்கிறேன். கோர்ஸை முழுதும் முடித்தே தீர வேண்டும் என்பதே தேவையில்லை என்று 2017-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் எழுதினார்களாமே?

நாஞ்சில் டாக்டரம்மா:
எழுதினார்கள். நீண்ட கோர்ஸ்தான் கிருமி மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெறுவதைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் பலமில்லை என்பது வாதம். அதில் சாரம் இருக்கிறது. சாதாரண நிமோனியாவுக்கு இப்போது பல நேரம் 5 நாள் போதும் என்கிறோம். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டை வலிக்குப் பென்சிலின் என்றால் 10 நாள். குறைத்தால் வாதக்காய்ச்சல் வந்து இதய வால்வு கெடலாம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் என்பது நம் நாட்டில் வழக்கமான கணக்கு. நாளைக் குறைப்பதோ கூட்டுவதோ எழுதியவர் முடிவு.

மார்த்தாண்டம் பார்மசிஸ்ட்:
டாக்டர், இதைப் பொதுவில் சொல்லாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். கேட்டவன் இரண்டாம் நாளே நிறுத்திவிட்டு மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பான்.

நாஞ்சில் டாக்டரம்மா:
மறைத்தால் மட்டும் கொடுக்காமலா இருக்கிறார்கள்? தெரிந்து கொள்ளட்டும்.

தூத்தூர் கடலோடி:
நீங்கள் இரண்டு பேரும் கரையில் நின்று சண்டை போடுங்கள். எனக்குப் பதில் வரவில்லை. கெளுத்தி முள்ளோ திருக்கை வாலோ குத்திக் கை வீங்கினால் என்ன செய்ய?

நாஞ்சில் டாக்டரம்மா:
நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தால் மருந்து மட்டும் போதாது. கடல் தண்ணீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா உண்டு. கல்லீரல் கெட்டவர், அதிகம் குடிப்பவர், சர்க்கரை உள்ளவர் என்றால் சில மணி நேரத்திலேயே வீக்கம் ஏறும், கொப்புளம் வரும், உயிரே போகலாம். அதற்கு டாக்ஸியோடு செஃப்ட்ரையாக்சோன் மாதிரி ஊசியும் வேண்டும். அசித்ரோவை நம்பிக் காத்திருக்க முடியாது. போட்டைத் திருப்பத்தான் வேண்டும்.

தூத்தூர் கடலோடி:
திருப்பு என்று சொல்வது எளிது. டீசல், ஐஸ், பத்துப் பேரின் பங்கு... யார் தருவார்?

நாஞ்சில் டாக்டரம்மா:
அது என்னால் தீராத கேள்வி அண்ணே. பெட்டிக்கு ஒரு வழி சொல்கிறேன். புறப்படும் முன்னால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஒரு டாக்டரைப் பாருங்கள். யாருக்குப் பென்சிலின் ஒவ்வாமை, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வலிப்பு மருந்து என்று எழுதி வாங்குங்கள். எதற்கு எந்த மாத்திரை, எத்தனை நாள், எப்போது திரும்ப வேண்டும் என்று அவரே சீட்டில் எழுதட்டும்.

மார்த்தாண்டம் பார்மசிஸ்ட்:
அப்படி வந்தால் நான் தருவேன். ஆனால் பதிவேட்டில் யார் பெயரைப் போட?

தூத்தூர் கடலோடி:
போட் பெயரைப் போடுங்கள் ஓய்.

மார்த்தாண்டம் பார்மசிஸ்ட்:
போட்டுக்குக் காய்ச்சல் வராது சார். ஆளுக்கொரு சீட்டாகக் கொண்டு வாருங்கள்.

தூத்தூர் கடலோடி:
பத்து ஆளுக்குப் பத்து பீஸ். சட்டம் கரைக்காரனுக்குத்தான் என்று முதலிலேயே சொன்னேன். சரி, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற டாக்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மற்ற நாள் ஆட்கள் சேர மாட்டார்கள்.