மறு: ‘சந்தேகப் பைத்தியம்’ வேண்டாம், ‘ஐயமிகை’ பொருந்துமா?

அன்பின் நண்பர்களுக்கு,

எல்லோரையும் ஆதாரமின்றிச் சந்தேகிப்பதைக் குறிக்கும் ‘பரனோயா’ (paranoia) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘சந்தேகப் பைத்தியம்’ என்று வைத்துக்கொள்ளலாம் என நேற்று வந்த முன்மொழிவை நான் ஏற்கவில்லை. உயர்தர வரலாற்று வகுப்புக்குள் இந்தச் சொல் நுழைந்தால் சோவியத் சர்வாதிகாரி ஸ்டாலின் சுலபமாகத் தப்பித்துவிடுவார். பைத்தியத்திடம் யார் கணக்குக் கேட்பார்கள்?

அவருடைய இரகசியப் பொலிஸின், 1937 ஜூலை 30ஆம் திகதியிட்ட 00447ஆம் இலக்கக் கட்டளையைப் பாருங்கள். எத்தனை பேரைச் சுடுவது, எத்தனை பேரை முகாமுக்கு அனுப்புவது என்று பிரதேசவாரியாக எண்ணிக்கை ஒதுக்கியிருந்தார்கள். ஒதுக்கியது போதாது என்று உள்ளூர் அதிகாரிகள் விண்ணப்பித்தார்கள். மொஸ்கோவும் கூட்டிக் கொடுத்தது. 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில், சோவியத் ஆவணங்களின்படியே, 681,692 பேருக்கு மரண தண்டனை. அந்த வேலையை முன்னின்று நடத்திய இரகசியப் பொலிஸ் தலைவர் யெஷோவும் 1940இல் சுடப்பட்டார். புத்தி பேதலித்தவர் இப்படிப் பேரேடு வைத்துக் கொல்வாரா?

ஆனால் எல்லாமே கணக்குத்தான் என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. தன் சொந்த வைத்தியர் வினோகிராதோவையே 1952இல் சிறையில் போட்டார் மனிதர். 1953 மார்ச்சில் பக்கவாதம் வந்து விழுந்தபோது, அழைக்காமல் அறைக்குள் நுழையக் காவலர்களுக்குத் துணிவு வரவில்லை. மருத்துவர்கள் வந்து சேர்ந்தது மறுநாள் காலையில். 1956இல், அவருக்குப் பின் தலைமைக்கு வந்த குருஷேவும் கட்சி மாநாட்டில் ஆற்றிய தன் இரகசிய உரையில் ‘நோய் பிடித்த சந்தேகம்’ என்ற பொருள்படத்தான் பேசினார். கூடவே இருந்து ஆமாம் போட்டவருக்கு அந்த விளக்கம் எவ்வளவு வசதி!

‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்ற குறளில், ஆராயாமல் நம்புவது, நம்பியவரைச் சந்தேகிப்பது என்ற இரண்டு கோணலும் இருக்கின்றன. தளபதி துகச்செவ்ஸ்கியைச் சந்தேகித்துச் சுட்டவர், 1941இல் ஜேர்மனி படையெடுக்கப் போகிறது என்று வந்த எச்சரிக்கைகளை ஒதுக்கித் தள்ளினார். ஆகவே ‘ஐயம்’ என்பதையே அடிச்சொல்லாக எடுக்கிறேன். ஆதாரத்தை மீறிச் சந்தேகிக்கும் குணத்துக்கு ‘ஐயமிகை’. வைத்தியர் பார்த்துச் சொல்லவேண்டிய நோய்க்கு ‘ஐய மருட்சி’. ஸ்டாலினுக்கு முதலாவதைத் தயங்காமல் எழுதலாம். இரண்டாவதை எழுத எந்த வரலாற்று ஆசிரியருக்கும் தகுதியில்லை.

சொல்லைச் சோதிக்க இலங்கை மலையகத்தில் ஹற்றன் பக்கம், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் ஏதாவதொரு கொழுந்து மடுவத்தில் போய் நில்லுங்கள். தண்ணீருக்கு, சாக்குக்கு என்று கிலோவை வெட்டுகிற நேரத்தில் எந்த அக்காவும் தராசை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார். நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். அவருடைய சந்தேகம் அனுபவத்தில் வந்தது, நியாயமானது. ‘மிகை’ என்ற பின்னொட்டு அவரைத் தொடாது. ‘சந்தேகப் பைத்தியம்’ என்று பெயர் வைத்தாலோ, நிறுவையில் கேள்வி கேட்பவரை மடக்கத் தோட்டத்துத் துரைமாருக்கு ஒரு சொல் கையில் கிடைத்துவிடும்.

‘மருட்சி’ ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறதா என்பதை உளநலக் கிளினிக்குகளில் பணிபுரியும் உறுப்பினர்கள் சொல்லட்டும். ‘மயக்கம்’ என்று மாற்றலாம் என்றால் எனக்குச் சம்மதமில்லை. எங்கள் தோட்டங்களில் மயக்கம் என்றால் மலையில் தலைசுற்றி விழுவதுதான்.