ஆகஸ்டில் வந்த ஹேப்பி நியூ இயர்

அரைச்சவரம் எழுதியது:

டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் எங்கள் தெருவில் ‘இளமை இதோ இதோ’ கிளம்பிவிடும். சின்னப் பையன்கள் முதல் ரிட்டயர்டு ஆசாமிகள் வரை ஆடுவார்கள். எனக்கு மட்டும் ஒரு சலூன் கண்ணாடி ஞாபகத்துக்கு வரும். நாற்பது வருஷத்துக்கு மேலாயிற்று, இன்னும் போகவில்லை.

அந்தப் பாட்டு வந்த கமல் படம் ‘சகலகலா வல்லவன்’ ரிலீஸ் 1982 ஆகஸ்ட் 14. பாட்டு அதற்கு முன்னாலேயே ரேடியோவில் வர ஆரம்பித்துவிட்டது. நான் அப்போது ஏழாவது. உசிலம்பட்டியில் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு சலூன், அங்கே எந்நேரமும் சிலோன் ரேடியோ, அதாவது இலங்கை வானொலி, பாடிக்கொண்டிருக்கும். ஆடி மாசம், ஞாயிற்றுக்கிழமை. மாமாவோடு போயிருந்தேன். அவருக்கு ஒரு கன்னம் வழித்தாயிற்று, மறு கன்னம் முழுக்க நுரை. கத்தி தொண்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. திடீரென்று ரேடியோவில் ‘ஹாய் எவ்ரிபடி’ என்று ஒரு கத்தல், அதோடு ஹேப்பி நியூ இயர். கடைக்காரர் கத்தியைச் சட்டென்று விலக்கிக்கொண்டார். “எவன்டா இவன், ஆடி மாசத்துல நியூ இயர் சொல்றவன்?” என்று ரேடியோவைப் பார்த்துத் திட்டினார்.

பெஞ்சில் அடுத்த ஆளாக உட்கார்ந்திருந்தவர் ஒரு வட்டிக்காரர். அவரிடம் மாமா, “வருசம் பொறக்கட்டும்ணே, மொத்தமாத் தந்துர்றேன்” என்று தவணை சொல்லியிருந்தார். அது கடைக்குள் எல்லோருக்கும் தெரியும். வட்டிக்காரர் எழுந்திருக்கக்கூட இல்லை. கையை மட்டும் நீட்டினார். “வருசம் பொறந்துருச்சாம்ல. ரேடியோவுலயே சொல்லிட்டான். எடு பணத்த.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். மாமா திரும்பவில்லை. கண்ணாடியில் என்னைத்தான் பார்த்தார், பாதி முகம் வெள்ளையாக.

அவ்வளவுதான் விஷயம். இந்தப் பாட்டை முதல்முதலாக ரேடியோவில் கேட்டது வேறு யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? டிவியில் பார்த்தது வேண்டாம், தியேட்டர் கதையும் வேண்டாம்.

முத்துநகர் மர்பி எழுதியது:

இருக்கிறது. ஆனால் எனக்கு அது ஆகஸ்ட் இல்லை, மார்கழி.

தூத்துக்குடியில் சிலோன் உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி எடுக்கும். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி தொடங்கினால் தெருக்கோடிவரை நடந்து போனாலும் பாட்டு அறுபடாது, ஒரு வீடு விட்டால் அடுத்த வீடு. நேயர் விருப்பத்தில் பெயர் வாசிப்பார்களே, பாட்டு மூன்று நிமிஷம் என்றால் பெயர்கள் இரண்டு நிமிஷம். அன்றைக்கு இந்தப் பாட்டை விரும்பிக் கேட்டவர்கள் பட்டியலில் என் பெயர் வந்தது. நான் கார்டு எதுவும் போடவில்லை. என் பெயரை ஒட்டி அடுத்த தெருப் பையன் ஒருவன் பெயர், இரண்டுக்கும் பொதுவாக எங்கள் தெருப் பெயர். கேட்கிறவர்களுக்கு ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி இருக்கும்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் மர்பி ரேடியோவின் குமிழைத் திருகி அணைத்தார். எங்கள் வீட்டில்தான் பாட்டு வரவில்லை. ‘ஹாய் எவ்ரிபடி’ இடது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது, வலது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது, எதிர் வீட்டிலிருந்தும் வந்தது. பாட்டு முடிகிறவரைக்கும் அப்பா இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாம்பார்க் கரண்டியோடு நான் நின்றேன்.

திட்டவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் ரேடியோ அவர் அறைக்குப் போய்விட்டது. அந்தக் கார்டை எழுதியது யார் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பையனா, என்னை வம்பில் மாட்டிவிட நினைத்த வேறு யாருமா? உள்நாட்டுக் கார்டு பதினைந்து பைசா, அதற்கே யோசிக்கிற காலம். கடல் தாண்டி எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்றால் சும்மா விளையாட்டுக்கு என்று நினைக்கத் தோன்றவில்லை.

அந்த மர்பி இப்போது என் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. பாடுமா என்று ஒரு நாள் போட்டுப் பார்க்க வேண்டும்.

மெல்லிசை அடிமை எழுதியது:

அரைச்சவரம், தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் கேட்டது வேறு பாட்டாக இருக்கலாம். அதே 1982ல், இதற்குச் சில மாதம் முன்னால் வந்த சிவாஜி படம் ‘சங்கிலி’. பிரபுவுக்கு முதல் படம். அதிலும் ஒரு ஹேப்பி நியூ இயர் பாட்டு உண்டு. பாடியவர் அதே எஸ்.பி.பி., இசை எம்.எஸ்.வி. ‘நல்லோர்கள் வாழ்வைக் காக்க’ என்று தொடங்கும். அதில் ஊருக்கு, உலகத்துக்கு என்று உண்மையாகவே ஒரு வாழ்த்து இருக்கும். இளையராஜா பாட்டில் வாழ்த்து முதல் வரியோடு சரி. அப்புறம் முழுக்கத் தன்னைப் பற்றிய பெருமைதான். நடுவில் கமலின் இந்திப் படத்துக்குக்கூட ஒரு விளம்பரம். வாலி எழுதினால் அப்படித்தான், கேட்க நன்றாக இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் புத்தாண்டைப் பற்றி அதில் இன்னொரு வரி காட்டுங்கள் பார்ப்போம்.

ஒரே வருஷத்தில், ஒரே குரலில் இரண்டு புத்தாண்டுப் பாட்டு. ஒன்று மட்டும் நடுராத்திரிக்குச் சொந்தமாகிவிட்டது, இன்னொன்றைச் சொன்னால் ‘அப்படி ஒரு பாட்டா?’ என்கிறார்கள். இந்த அநியாயத்தை யாராவது பேச வேண்டாமா?

என் அனுபவமா? பாட்டி ரேடியோவை அணைத்தார். ஆனால் இந்தப் பாட்டுக்கு இல்லை, அதே படத்தின் ‘நேத்து ராத்திரி யம்மா’வுக்கு. அதனால் இங்கே சேராது.

அரைச்சவரம் எழுதியது:

‘சங்கிலி’ பாட்டு எனக்கும் தெரியும் சார், பிடிக்கும். அது வாழ்த்துகிற பாட்டு. என் மாமாவைத் தூக்கிவாரிப் போட்டது ஒரு கத்தல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. அதோடு, முதல் வரியோடு வாழ்த்து முடிந்துவிட்டது என்கிறீர்கள், எங்கள் கடையில் அந்த முதல் வரியே போதுமானதாக இருந்ததே.

தீவுப்பகுதி எழுதியது:

நான் யாழ்ப்பாணம். எங்களுக்கு அது சிலோன் இல்லை, ‘எங்கட ரேடியோ’. நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உரிமை கொண்டாடுவதை வாசிக்கச் சந்தோசமாகத்தான் இருக்கிறது.

1983 பிறந்த இரவு. நள்ளிரவுப் பூசை முடிந்து வெளியே வந்தோம், பனி. கோவிலுக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் இந்தப் பாட்டு போகிறது. அப்பு சங்கீதக்காரர். நின்று ஒரு நிமிசம் கேட்டார். “உதென்ன, வாழ்த்துறானோ வெருட்டுறானோ?” என்றார். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருடைய கைத்தடி அந்தத் தாளத்துக்குத்தான் விழுந்தது. நான் பின்னால் வந்தேன், என் காதால் கேட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்.

அடுத்த வருசப் பிறப்புக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் ரேடியோவைத் தொடவில்லை. 83 ஆடிக் கலவரம் முடிந்திருந்தது. கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கிய சித்தப்பா குடும்பம் எங்கள் விறாந்தையில் படுத்திருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டில் யாரோ போட்டார்கள். அந்தக் கத்தலில் சித்தப்பாவின் சின்ன மகள் திடுக்கிட்டு எழும்பி அழத் தொடங்கினாள். அப்பு எழும்பிப் போய் வேலியடியில் நின்று, “தம்பி, கொஞ்சம் குறையுங்கோ” என்றார். அவர்கள் முழுதாகவே நிறுத்திவிட்டார்கள்.

சீரிஸ் பல்ப் எழுதியது:

நான் கோயம்புத்தூரில் ரேடியோ மெக்கானிக். இந்தப் பாட்டை முதலில் கேட்டது ரிப்பேர் மேசையில், ஒரு டிரான்சிஸ்டர் செட்டைச் சரிசெய்து முதல் தடவை ஆன் செய்தபோது. செட்டு சொந்தக்காரர் பயந்துவிட்டார். கதை முடிந்தது.

நான் எழுத வந்தது முத்துநகர் மர்பிக்காக. அம்மா, பரணிலிருந்து இறக்கிய செட்டைத் தயவுசெய்து நேரே பிளக்கில் சொருகிவிடாதீர்கள். ‘ஒரு நாள் போட்டுப் பார்க்க வேண்டும்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வால்வு செட்டில், அதாவது கண்ணாடிக் குழாய் வைத்த பழைய செட்டில், கரண்டைத் தேக்கி வைக்கிற கண்டன்சர் என்று டப்பா டப்பாவாக இருக்கும். பல வருஷம் கரண்ட் பார்க்காமல் கிடந்தால் உள்ளே காய்ந்து போயிருக்கும். திடீரென்று முழு வோல்டேஜ் போனால் ஷார்ட் ஆகும், கூடவே டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடும். கண்டன்சர் மாற்றலாம், விலை கம்மி. அந்த டிரான்ஸ்பார்மர் எரிந்தால் அதே மாதிரி இன்றைக்குத் தேடி அலைய வேண்டும்.

முதலில் பின் அட்டையைக் கழற்றித் தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள், ஈரத்துணி கூடாது. எலி ஒயரைக் கடித்திருக்கிறதா பாருங்கள், பரண் செட்டில் பாதி எலி வேலைதான். அப்புறம் ஒரு குண்டு பல்பை, அறுபதோ நூறோ வாட்ஸ், செட்டுக்கு வருகிற ஒரு ஒயரில் சீரிஸாக, கரண்ட் பல்ப் வழியாகத்தான் செட்டுக்குப் போகிற மாதிரி, போட வேண்டும். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. ஆன் செய்ததும் பல்ப் ஒருதரம் எரிந்து மங்கினால் பயமில்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். இதை நீங்களாகச் செய்ய வேண்டாம், தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். அணைத்த பிறகும் உள்ளே கை வைக்கக் கூடாது, கண்டன்சரில் கரண்ட் நிற்கும், தூக்கியடிக்கும்.

ஆன் செய்த உடனே சத்தம் வரவில்லை என்று குமிழைத் திருகோ திருகு என்று திருகாதீர்கள். வால்வு சூடாக அரை நிமிஷம் ஆகும். குமிழ் கரகர என்றால் அது அழுக்கு, ஸ்பிரே அடித்து நாலு தடவை முன்னும் பின்னும் திருகினால் போய்விடும். டயல் முள் நகரவில்லை என்றால் நூல் அறுந்திருக்கும், அதுவும் மாற்றலாம். மீடியம் வேவில் ஒரே இரைச்சலாக இருந்தால் செட்டைக் குறை சொல்லாதீர்கள், வீட்டில் எல்இடி பல்ப், போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். மாடியில் ஏரியலாகப் பதினைந்து அடிக்கு ஒரு செம்புக் கம்பி இழுத்துக் கட்டினால் சிற்றலையும் எடுக்கும்.

இப்படி ஒரு செட்டை அவசரப்பட்டுக் கொன்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் நீளமாகிவிட்டது.

மாடிவீடு எழுதியது:

எனக்கு முதல் தடவை ஞாபகம் இல்லை, பிறந்ததே 90ல். 2020 டிசம்பர் 31 மட்டும் சொல்கிறேன். செப்டம்பர் 25ல் எஸ்.பி.பி. போய்விட்டார். கொரோனா, தெருவில் கூட்டம் கூடாது. ஆளுக்கொரு மாடியில் நின்றோம். எஃப்எம்மில் பன்னிரண்டு மணிக்குப் போட்டார்கள். ‘ஹாய் எவ்ரிபடி’ என்று அவர் கூப்பிட, தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எதிர் மாடி ஆள் கையைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன். அவரோடு அதுவரைக்கும் நான் பேசியதே இல்லை.

முத்துநகர் மர்பி எழுதியது:

அரைச்சவரம், கேட்கலாமா என்று தெரியவில்லை. மாமா அந்தக் கடனைக் கட்டினாரா?

அரைச்சவரம் எழுதியது:

கட்டினார். டிசம்பர் கடைசியில் ஒரு மாட்டை விற்று, ஒரே தவணையாக. ஜனவரி ஒன்றாம் தேதி கூட ஆகவில்லை.

அதற்கப்புறம் அந்தச் சலூனுக்கு அவர் போகவே இல்லை. தேவர் சிலை பக்கம் ஒரு கடை, அங்கே ரேடியோ கிடையாது. முடி வெட்ட என்னையும் அங்கேதான் கூட்டிப் போவார். நான் சிரித்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது படுகிறது. உங்கள் அப்பா மாதிரிதான் போல.

சீரிஸ் பல்ப் எழுதியது:

அம்மா, சொருகிவிடவில்லையே?

முத்துநகர் மர்பி எழுதியது:

இல்லை அண்ணா. பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறேன். எலி கடிக்கவில்லை. குண்டு பல்ப் இப்போது எந்தக் கடையில் கிடைக்கிறது?